எதைக் கேட்கலாம், யார் கச்சேரிக்குப் போகலாம்: கார்த்திகை பிறந்தால் வரும் கேள்விகள்

கார்த்திகை பிறந்ததும், மார்கழிக் கச்சேரிகள் நெருங்குவதால், என் தொலைபேசி ஓயாது. ஊரில் இருக்கும் சித்தப்பா, சிங்கப்பூரில் இருக்கும் தங்கை மகன், முன்பு அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்: எந்தப் பதிவைக் கேட்கலாம், எந்தக் கச்சேரிக்குப் போகலாம், புதிதாக யார் நன்றாகப் பாடுகிறார்கள்? நான் வித்துவான் இல்லை. பாட்டு வகுப்பில் ஆரம்பப் பாடமான சரளி வரிசையோடு நின்றுபோனவன். முப்பது மார்கழிகள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான் தகுதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

கர்நாடக இசை எனக்கு அறவே தெரியாது. எந்தப் பதிவில் தொடங்குவது?

கே.வி. நாராயணசாமி பாடிய 'வருகலாமோ'. மாஞ்சி ராகம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் வருகிற பாட்டு. சாதியைச் சொல்லிக் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், உள்ளே வரலாமா ஐயா என்று கேட்கிறார். பாட்டில் இருப்பது இந்த ஒரு கேள்விதான். நாராயணசாமி குரலை உயர்த்தி வாதாடுவதில்லை. பதில் என்ன வருமோ என்று அஞ்சுகிறவர்போல அந்தச் சொல்லைத் தொட்டுத் தொட்டு விடுகிறார். இதற்கு ராகத்தின் பெயர்கூடத் தெரிய வேண்டாம்.

அது கனமாக இருக்கிறது என்றால் மதுரை மணி ஐயரின் 'கா வா வா'. பாபநாசம் சிவன் இயற்றியது, வராளி. முருகனைக் கூப்பிடுகிற பாட்டு. பக்கத்துத் தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற உரிமையோடு கூப்பிடுவார்.

பட்டியல் கேட்டால் இருபது பெயர் எழுதிக் கொடுக்கிறவர்கள் உண்டு. இருபதையும் கேட்டு முடித்தவரை நான் பார்த்ததில்லை. இரண்டு போதும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியில் தொடங்கக் கூடாதா?

நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள். 1963-இல் வெளிவந்த வெங்கடேச சுப்ரபாதத் தட்டு ஒலிக்காத கோயில் தெரு தமிழ்நாட்டில் கிடையாது. டீக்கடையில் பால் கொதிக்கும்போதே காதில் விழுந்திருக்கும். பழகிப்போனதால் அதை யாரும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல். ஒருநாள் பல் துலக்காமல், தினத்தாள் புரட்டாமல், வெறுமனே உட்கார்ந்து அந்த இருபது நிமிடத்தையும் கேட்டுப் பாருங்கள். உச்சரிப்பு ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும்.

அடுத்தது 'குறையொன்றும் இல்லை'. ராஜாஜி எழுதிய பாட்டு. சிவரஞ்சனியில் தொடங்கி, காபிக்குப் போய், சிந்துபைரவியில் முடியும். ராகம் மாறுகிற இரண்டு இடங்களை நீங்களே பிடித்துவிட்டால் ராகமாலிகை என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ராகம் தெரிந்தால்தான் ரசிக்க முடியுமா?

இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள ஆசை வரும். அதைத் தடுக்கவும் முடியாது. திரைப்பாட்டு வழியாகப் போவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' ஆபேரி ராகம். அதை நான்கு முறை கேட்டுவிட்டுத் தியாகராஜரின் 'நகுமோமு' கேளுங்கள். எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றும். அந்தச் சந்தேகம்தான் ராக ஞானத்தின் முதல் படி.

'மருதமலை மாமணியே' பாட்டைத் தெரியாதவர் யார்? 1972-இல் வந்த 'தெய்வம்' படத்துக்கு மதுரை சோமு பாடியது. அங்கிருந்து அவருடைய கச்சேரிப் பதிவுகளுக்கு ஓர் அடிதான். 'என்ன கவி பாடினாலும்' என்று அவர் முருகனிடம் முறையிடும்போது சங்கீத சுத்தம் பேசுகிறவர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கச்சேரி நடத்தும் சபா ஒன்றில் பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஒருவர், ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை தொடங்கிய அரை நொடியில் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, கரகரப்பிரியா" என்றார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் சாய்ந்தார். "இல்லை, பொறுங்கள்." பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் பொறுத்துக்கொண்டே இருந்தோம். என்ன ராகம் என்று கடைசிவரை தெரியவில்லை. நல்ல பாட்டு.

பழைய பதிவுகள் ஏன் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன?

தட்டு அவ்வளவுதான் பிடிக்கும். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தக் கனத்த தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் சொச்சமும்தான் இடம். கச்சேரியில் முக்கால் மணி நேரம் பாடுகிற விஷயத்தை இரண்டு பக்கத்தில் அடக்க வேண்டும். வித்துவான்கள் அதைக் குறையாக நினைத்துச் சோர்ந்துவிடவில்லை. நாதஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டைக் கேளுங்கள். விடிய விடியத் தோடி வாசிக்கக்கூடியவர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்திருக்கிறார். ஒரு பிடிகூட, அதாவது ஒரு ஸ்வரக் கோவைகூட, வீணாகவில்லை. நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல், முப்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். நமக்கு இன்று அவர் என்றால் இந்தத் தட்டுகள்தான்.

பிறகு நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம். அதன்பின் கேசட். கேசட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: பாடகர் அந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரம் பாடும் கல்பனாஸ்வரம் உச்சத்துக்கு ஏறும்போது 'ஏ' பக்கம் முடிந்துவிடும். என்னிடம் இருந்த சோமு கேசட்டில் நாடா சிக்கிக்கொண்டு, பென்சிலைச் சொருகிச் சுற்றி எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு நொடி குரல் குழையும். இப்போது அதே கச்சேரி சுத்தமாகக் கிடைக்கிறது. கேட்கும்போது அந்த இடம் வந்தால் குழைவுக்காகக் காது காத்திருக்கிறது, வருவதில்லை.

எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே. நேரில் எதற்குப் போக வேண்டும்?

பக்கவாத்தியத்தைப் பார்ப்பதற்கு. பதிவில் வயலின் பாட்டைத் தொடர்ந்து வருவது கேட்கும். நேரில், பாடகர் எதிர்பாராத ஒரு பிடியைப் போட்டதும் வயலின்காரர் முகத்தில் ஓடுகிற சிறு திகைப்பு, உடனே வருகிற சிரிப்பு, அடுத்த மூச்சில் அதையே திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவது, இதெல்லாம் தெரியும். ஒத்திகை பார்க்காமல் மேடையில் சந்திக்கிற கலை இது. அந்தச் சந்திப்பு ஒலிநாடாவில் பாதிதான் விழும்.

இன்னொரு காரணம், மிருதங்கத்தின் இடது பக்கம். நல்ல கூடத்தில் அந்தத் தொப்பி வயிற்றில் வந்து தட்டும். கைப்பேசி ஒலிபெருக்கியில் அது இல்லவே இல்லை.

கூடம் நல்லதாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சபாவில் (பெயர் வேண்டாம்) மிருதங்கம் தகர டப்பாவாகவும், தம்புரா தேனீக்கூட்டமாகவும் கேட்டன. "ஒலியைக் குறையுங்கள்" என்று பாடகர் கையால் சாடை காட்டக் காட்ட, ஒலிபெருக்கிக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே போனார். மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வைத்தால் வாசிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அன்று மாலை அவர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

மார்கழியில் சென்னைக்கு வந்தால் எங்கே போவது? டிக்கெட் கிடைக்குமா?

1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி, 1928-இல் தொடங்கப்பட்டது. அந்த டிசம்பர் வழக்கம் வளர்ந்து இப்போது ஊரே சபாவாகிவிட்டது. அகாடமி, அது இருக்கும் டி.டி.கே. சாலையிலேயே நாரத கான சபா, தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா, மயிலாப்பூரில் பாரதிய வித்யா பவன், பாரிமுனைப் பக்கம் தமிழிசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம். பெயர் போனவர்களின் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வேண்டும்; முன்கூட்டியே வாங்குவது நல்லது. பகல் கச்சேரிகள் பெரும்பாலான இடங்களில் இலவசம்.

காலையில் தெருவுக்கு வாருங்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை உண்டு. பாபநாசம் சிவனே முன்னின்று பாடிக்கொண்டு போன வீதிகள் அவை. டிக்கெட் கிடையாது. குளிருக்கு மப்ளர் மட்டும் போதும். சென்னைக் குளிருக்கா மப்ளர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கேன்டீன் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்குமா?

இருக்கும். வாழைப்பூ வடை, அசோகா அல்வா, இலைச் சாப்பாடு. கச்சேரிக்கு டிக்கெட் வாங்காமல் கேன்டீனுக்கு மட்டும் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் ரசிகர்கள்தான். ஒரே நிபந்தனை அடுத்த பதிலில்.

மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகலாமா?

கூடாது.

புதிய வித்துவான்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் போங்கள். அவ்வளவுதான் ரகசியம். மாலை ஏழு மணி மேடைக்கு வருகிறவரை உலகமே கண்டுபிடித்தாகிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு பகல் கச்சேரி. முந்நூறு நாற்காலி போட்டிருந்த கூடத்தில் பதினான்கு பேர் இருந்தோம், எண்ணினேன். முன்வரிசையில் ஐந்து பேர் பாடகியின் வீட்டார். அம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், மகளைவிட ஒரு நூல் முந்தி. இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் தூங்க வந்தவர்கள். பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். பேகடா ராகம் எடுத்தாள். ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவல் நடுவில் வயலினில் தந்தி அறுந்தது. வயலின் பையன் பையைத் துழாவிப் புதுத் தந்தியை மாட்டி முறுக்குகிற வரைக்கும் அவள் நிறுத்தவில்லை. அவன் சுருதி சேர்க்கும் சத்தம் உறுத்தாதபடி ஷட்ஜம், பஞ்சமம் என்ற இரண்டு ஸ்வரங்களில் நின்று நின்று பாடினாள். அவன் தந்தியைச் சேர்த்த இடமும் அவள் வந்து சேர்ந்த இடமும் ஒன்றாக இருந்தன. தூங்கிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் கண்ணைத் திறக்காமலே "பேஷ்" என்றார். பஸ் டிக்கெட்டின் பின்புறம் அவள் பெயரை எழுதி வைத்துக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து அவளுக்கு மாலைக் கச்சேரி. எனக்குக் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. என்ன பெயர் என்று கேட்காதீர்கள்; உங்களுக்கென்று ஒரு பஸ் டிக்கெட் இருக்கட்டும்.

மார்கழிக்கு வெளியேயும் வழி உண்டு. மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவில் சிறுவர் சிறுமியர் ஒலிபெருக்கியே இல்லாமல் பாடும் ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிகளில் நடப்பவர்களும் நின்று கேட்பார்கள். கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனை, அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் பெரிய மேடை.

அப்படியும் சில பெயர்களாவது சொல்லுங்கள்.

சரி. இவர்களில் யாரும் இன்று அறிமுகம் தேவைப்படுகிறவர்கள் அல்லர். உங்களுக்குப் புதியவர்களாக இருந்தால் நல்லது. நான் பெயரைச் சொல்லும்போது குரு பரம்பரையையும் சேர்த்துச் சொல்வேன், ஏனென்றால் அது திரும்பிப் போகவும் வழி காட்டும். புல்லாங்குழல் ஜெ.ஏ. ஜெயந்த்தைக் கேளுங்கள். பிடித்தால் அவருடைய தாத்தாவும் குருவுமான டி.எஸ். சங்கரனைத் தேடுங்கள். சங்கரனின் குரு, புல்லாங்குழல் மேதை மாலி. மாலியிடம் வந்துவிட்டால் ஒரு மாதம் வெளியே வரமாட்டீர்கள்.

அம்ருதா முரளி பாடுவார், வயலினும் வாசிப்பார். அவருடைய குரு ஆர். வேதவல்லி, வேதவல்லி பதங்களை, அதாவது நிதானமான காதல் பாட்டுகளை, கற்றது டி. முக்தாவிடம். முக்தாவும் பிருந்தாவும் வீணை தனம்மாளின் பேத்திகள். பிருந்தா-முக்தா பாடிய பதங்களை இரவு பத்து மணிக்குமேல் சன்னமாக வைத்துக் கேட்க வேண்டும்.

பாட்டில் ராமகிருஷ்ணன் மூர்த்தி, சந்தீப் நாராயண். இருவரும் கலிபோர்னியாவில் வளர்ந்தவர்கள். அக்கரை சகோதரிகள் பாட்டு, வயலின் இரண்டிலும் கெட்டி. வீணையில் ரமணா பாலச்சந்திரன். கடம் என்றால் சுகன்யா ராம்கோபால். அவர் புதியவர் அல்லர், மூத்தவர். பெண்ணா, கடமா என்று முகம் சுளித்த காலத்திலேயே பானையை மடியில் வைத்தவர். அவரைத் தெரியாமல் இருப்பவர்கள் அதிகம் என்பதால் சேர்க்கிறேன்.

நாதஸ்வரத்தைக் கல்யாண மண்டபத்தில்தான் கேட்கிறோம். அதை ஏன் யாரும் பரிந்துரைப்பதில்லை?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கோபம் வரும். ராக ஆலாபனை என்று இன்று பாடகர்கள் செய்வதில் பெரும்பங்கு நாதஸ்வரக்காரர்களிடம் கேட்டுக் கற்றது. அந்த வாத்தியத்தைத்தான் நாம் சாப்பாட்டுப் பந்திச் சத்தத்தோடு கலந்து கேட்கிறோம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கியதும் வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறோம்.

பதிவு வேண்டுமானால் ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி, ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். நான்கு பேரும் நான்கு வேறு உலகம். சின்ன மௌலானாவின் வாசிப்பில் ஒரு நிதானம் உண்டு, காருகுறிச்சியில் இழைப்பு.

நேரில் கேட்க வேண்டுமானால் கூடத்துக்குள் கேட்காதீர்கள். அது வெட்டவெளிக்கென்று பிறந்த வாத்தியம். கோயில் உற்சவத்தில் சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசையை வாசிப்பார்கள். நீங்கள் ஊர்வலத்துக்கு நூறு அடி முன்னால், தெரு முனையில் நில்லுங்கள். முதலில் தவில் மட்டும் கேட்கும். பிறகு காற்று திரும்பும்போது நாதஸ்வரச் சீவாளியின் நாதம். பிறகு தீவட்டி வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குப் போகக் கிடைத்தால் விடாதீர்கள். தவிலில் அந்த மண்ணின் கை தனி. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் பழைய பதிவுகளைக் கேட்டால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும்.

தமிழில் பாட்டுகள் குறைவு என்பது உண்மையா?

1943-இல் தமிழிசைச் சங்கம் தொடங்கும் அளவுக்குச் சண்டை நடந்தது. அப்போது குறை நியாயமானது. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் வால் பகுதியில் துக்கடாவாக மட்டும் பாடினார்கள். பாட்டுக்குப் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை: முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன். டி.கே. பட்டம்மாள் சுப்பிரமணிய பாரதியின் பாட்டைப் பாடிக் கேட்டவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது. இன்று சஞ்சய் சுப்ரமணியன் முழுக்கத் தமிழ்ப் பாட்டுகளாலேயே கச்சேரி செய்கிறார், கூடம் நிரம்புகிறது.

கச்சேரியைக் கைப்பேசியில் பதிவு செய்யலாமா?

சபாக்கள் கூடாது என்கின்றன. நானும் கூடாது என்கிறேன். உங்கள் திரை வெளிச்சம் பின்னால் இருப்பவர் கண்ணில் அடிக்கிறது. இதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை என்பதும் தெரியும். மதுரை மணி ஐயரையும் பிறரையும் இன்று நாம் இவ்வளவு கேட்க முடிவதற்கு, நாடாவில் ஒலி பிடிக்கும் பெரிய ஸ்பூல் பெட்டியைச் சுமந்துகொண்டு முன்வரிசைக்கு வந்த ரசிகர்களும் ஒரு காரணம், வானொலி இன்னொன்று. பதிலில் முரண் இருக்கிறது. இருக்கட்டும். நேரடிக் கச்சேரிப் பதிவு வேண்டுமென்றால் சார்சுர் போன்ற நிறுவனங்கள் டிசம்பர் கச்சேரிகளை அப்படியே வெளியிட்டிருக்கின்றன. காசு கொடுத்து வாங்குங்கள். கொஞ்சமாவது வித்துவானுக்குப் போகும்.

எனக்குப் பிடித்ததை நண்பர்களுக்கு அனுப்பினால் யாருமே கேட்பதில்லை. என்ன செய்வது?

நீங்கள் அனுப்புவது மூன்று மணி நேரம். யார் கேட்பார்கள்?

என் தங்கை மகனுக்குப் பல வருடம் முழுக் கச்சேரிகளாக அனுப்பினேன். "கேட்கிறேன் மாமா" என்று பதில் வரும்; கேட்க மாட்டான். ஒருநாள் அலுத்துப்போய் இப்படி எழுதினேன்: "ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் போ. வயலின் நின்றுவிடும், மிருதங்கமும் நின்றுவிடும், குரலும் தம்புராவும் மட்டும் இருக்கும். நான்கு நிமிடம் கேட்டுவிட்டு மூடிவிடு." அன்றிரவே அழைத்தான். "மாமா, அதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்றான். முதலிலிருந்து கேட்கத் தொடங்கிவிட்டான். இப்போது அவன் எனக்கு நிமிடக் கணக்கோடு அனுப்புகிறான். சில சமயம் அது கர்நாடக இசையாக இருப்பதில்லை. நானும் கேட்கிறேன், அவன் சொல்கிற நிமிடத்துக்கு மட்டும்.

அனுப்பிவிட்டு "கேட்டாயா, கேட்டாயா" என்று நச்சரிக்காதீர்கள். 'உலகத்திலேயே சிறந்தது' என்று எழுதாதீர்கள். உங்களுக்கு எந்த இடத்தில் மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதுங்கள்.

இப்போது உங்கள் வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது?

எம்.டி. ராமநாதன், சகானா ராகத்தில் 'கிரிபை'. அவசரம் என்ற சொல்லைக் கேள்விப்படாத குரல். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்கு அவர் வருவதற்குள் அடுப்பில் ரசம் ஒருமுறை பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.